தூக்கம் கேள்வி பதில்: குழாயிலேயே ஆறிப்போகும் காற்று

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 68 வயது. தூக்கத்தில் மூச்சு அடைபடுகிற ஸ்லீப் ஆப்னியா என்று டாக்டர், குழாய் வழியே மாஸ்க்குக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷின் எழுதிக்கொடுத்து, இரண்டு வருடமாகப் போட்டுக்கொள்கிறார். சென்னையில் மகன் வீட்டில் இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. கார்த்திகைக்குப் பிறகு ஊரில் எங்கள் பழைய வீட்டுக்கே வந்துவிட்டோம். முற்றத்தைச் சுற்றியுள்ள வளவை ஒட்டிய அறையில்தான் படுக்கை. விடியற்காலம் மூன்று மணிக்கு மேல் மாஸ்க்கில் சில்லென்று காற்று வருகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார். காற்றை ஈரமாக்க மெஷினில் இருக்கிற தண்ணீர் டப்பாவின் சூட்டைக் கூட்டினால் குழாயில் தண்ணீர் கோத்து மூக்கில் தெறிக்கிறது. குறைத்தால் மறுபடி குளிர். டப்பாவில் வெந்நீர் ஊற்றலாமா? இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டால் மூக்கடைப்புக்கு நல்லது என்கிறார்கள். விடலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, தைலமும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். எனக்குப் பெரிய கவலை, அண்ணன் மூன்று மணிக்கு மாஸ்க்கைக் கழற்றிவிடுகிறாரே, அதுதான். கனவு வருகிற தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் நீண்டு வரும். அந்த நேரத்தில் தொண்டைத் தசை இன்னும் தளர்ந்துபோகும். பலருக்கும் மூச்சு அடைபடுவது அப்போதுதான் அதிகம். மதுரையில் தூக்க ஆய்வகத்தில் நான் இரவுப் பணி பார்த்த காலத்தில், நள்ளிரவு வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வரைபடம் நாலு மணிக்கு மேல் அடைப்பும் விழிப்புமாக மாறுவதைத் திரையில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஆகவே மெஷின் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில்தான் அவர் அது இல்லாமல் தூங்குகிறார். இந்தக் குளிரை எப்படியாவது சரி செய்தாக வேண்டும். செய்துவிடலாம், கவலைப்படாதீர்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மெஷினில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. டப்பாவுக்கு அடியில் ஒரு தகடு சூடாகிறது. அந்தத் தண்ணீரின் மேலாகப் போகிற காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும்தான் கிளம்புகிறது. அப்புறம் ஆறடிக் குழாயைக் கடந்து மூக்குக்கு வர வேண்டும். குழாய் மெல்லிய பிளாஸ்டிக். அறை குளிர்ந்திருந்தால் காற்று அந்த ஆறடிக்குள்ளேயே ஆறிவிடும்.

ஆறும்போது ஈரமும் கழன்றுவிடுகிறது. 30 டிகிரியில் இருக்கும் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் ஈரத்தைத் தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான் தாங்கும். மிச்சம் குழாயின் உள்சுவரில் முத்து முத்தாகக் கோத்து, வளைவில் தேங்கி, மூச்சு இழுக்கும்போது களகளவென்று சத்தம் போட்டு, கடைசியில் மூக்கில் தெறிக்கிறது. டப்பாவின் சூட்டைக் கூட்டினால் இந்தத் தண்ணீர்தான் கூடும். மூக்குக்கு வந்து சேர்கிற காற்று அப்படியொன்றும் சூடாகிவிடாது. ஆகவே நீங்கள் டப்பாவை விட்டுவிட்டுக் குழாயைக் கவனிக்க வேண்டும்.

சென்னையில் ஏன் இந்தத் தொந்தரவு இல்லை? அடுக்குமாடியில் மூடிய அறை. பகல் வெயிலில் சூடான சுவர் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். நம் ஊர் வீடு சித்திரை வெயிலை நினைத்துக் கட்டியது. கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, எட்டாத உயரத்தில் கூரை, காலடியில் ஆத்தங்குடிக் கல், முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்க்கோட்டில் வாசல்கள், நடுவில் வானம் பார்த்த முற்றம். வெயில் காலத்தில் இதைவிடச் சுகமான வீடு கிடையாது. மார்கழி, தை மாதங்களில் பின்னிரவின் குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கி வளவு முழுக்கப் பரவும். அறைக்கதவு திறந்திருந்தால் அது நேரே உங்கள் கட்டிலுக்கு வரும். மெஷினும் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறது.

அதனால் இன்றைக்கே கட்டிலை முற்றத்துப் பக்கச் சுவரிலிருந்து நகர்த்தி உள்சுவர் ஓரமாகப் போடுங்கள். வளவுப் பக்கக் கதவைச் சாத்திவிட்டு, எதிர்ப் பக்கம் மேலே இருக்கிற சின்ன ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும். மெஷினைத் தரையில் வைக்காதீர்கள். தூசியை இழுக்கும். ஒரு மர ஸ்டூலில், அவர் தலை இருக்கும் மட்டத்தைவிடக் கீழே இருக்கிறபடி வையுங்கள். அப்போது குழாயில் தண்ணீர் கோத்தாலும் டப்பாவை நோக்கித்தான் ஓடும், முகத்துக்கு வராது. தலைமாட்டு அலமாரியில் மெஷினை வைத்திருக்கிற வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன். மூக்கில் தண்ணீர் தெறிக்கிறது என்ற புகார் அங்கேயிருந்துதான் அதிகம் வரும்.

அறை சூடாகட்டும் என்று கரியடுப்பைக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டாம். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. சாம்பிராணி, கொசுவத்திப் புகையையும் மெஷின் இழுத்து நேராக நுரையீரலுக்கு அனுப்பும். அதன் வடிகட்டி தூசிக்கு உள்ளது, புகைக்கு இல்லை. கொசுவுக்கு வலை கட்டுங்கள்.

இனி குழாய்க்கு உறை. கடையிலும் கிடைக்கும், ஆனால் வீட்டில் தைப்பது சுலபம். உங்கள் பெட்டியில் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றாவது இருக்கும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே காரைக்குடிக் கண்டாங்கிதான். நெருக்கமான நெசவு, கனமான பருத்தி, எத்தனை துவைத்தாலும் தாங்கும். ஆனால் அது மட்டும் போதாது. சூட்டைப் பிடித்து வைப்பது துணிக்குள் அடைபட்டிருக்கும் காற்று. அதனால் உள்ளே பிளானல் துணியோ பழைய ஸ்வெட்டரோ வைத்து, வெளியே கண்டாங்கி வருகிற மாதிரி இரண்டு அடுக்காகத் தைக்க வேண்டும்.

குழாயை ஒரு நூலால் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் சுற்றளவு வரும். தையலுக்கும் தளர்வுக்கும் சேர்த்துப் பதினான்கு சென்டிமீட்டர் அகலத்தில், குழாயின் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். இரண்டு துணியையும் சேர்த்து ஓரம் அடித்த பிறகு, நீளவாக்கில் மடித்து மூடித் தைத்துவிடாமல் ஒட்டும் பட்டை வைத்துத் தையுங்கள். மூடித் தைத்த உறைக்குள் வரிவரியான குழாயை நுழைப்பதற்குள் பொறுமை போய்விடும். ஒவ்வொரு வரியிலும் துணி மாட்டிக்கொள்ளும். ஒட்டும் பட்டை இருந்தால் பிரித்துக் குழாயைக் கழுவலாம், உறையைத் துவைக்கலாம், ராத்திரி கண்ணை மூடிக்கொண்டே மாட்டலாம். இரண்டு முனையிலும் இரண்டு விரல் அகலம் குழாய் வெளியே தெரியட்டும். மாஸ்க்கை ஒட்டிச் சுழலும் பகுதி தடையில்லாமல் சுழல வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மாஸ்க்கின் முன்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அண்ணன் வெளியே விடும் மூச்சு போகிற வழி அது. உறையோ போர்வையோ அதன் மேல் வரவே கூடாது. மெஷினையும் துணி போட்டு மூடக் கூடாது. அதற்குக் காற்று இழுக்க வழி வேண்டும், இல்லாவிட்டால் சூடேறிப்போகும்.

உறை போட்ட குழாயைப் போர்வைக்குள் உடம்பை ஒட்டிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. உடம்புச் சூடு கடைசி மூன்று அடிக்குத் துணையாக இருக்கும். தோளுக்கு அருகே வெளியே எடுத்து மாஸ்க்கில் மாட்டுங்கள். இவ்வளவையும் செய்த பிறகு ஈரத்தின் அளவை நடுவில் வைத்து ஆரம்பியுங்கள். ஓரிரவுக்கு ஒரு மாற்றம்தான். ஒரே ராத்திரியில் நாலு பொத்தானை அழுத்தினால் எது பலன் தந்தது என்றே தெரியாது. குழாயில் தண்ணீர் கோத்தால் ஒரு படி இறக்குங்கள். கோக்கவில்லை, ஆனால் மூக்கு காய்கிறது என்றால் ஒரு படி ஏற்றுங்கள். காற்றழுத்தத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம், அது டாக்டர் வேலை.

அப்படியும் குளிர் போகவில்லையானால் ஹீட்டட் ட்யூப் வாங்குங்கள். குழாயின் சுவரிலேயே சுருளாகக் கம்பி ஓடும். பல மாடல்களில் மாஸ்க் பக்க முனையில் வெப்பத்தை அளக்கும் உணரியும் இருக்கும். ஆகவே மூக்குக்கு அருகே எத்தனை டிகிரி என்பதை மெஷினே பார்த்துக்கொள்ளும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 16 முதல் 30 டிகிரி வரை வைக்கலாம். 27-ல் ஆரம்பித்து, தேவைப்பட்டால் ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். எல்லா மெஷினுக்கும் எல்லாக் குழாயும் பொருந்தாது. மாடல் பெயரை எழுதிக்கொண்டுபோய்க் கேளுங்கள். இந்தக் குழாய் தானே சூடாகிறது என்பதால், நான் சொன்ன போர்வை யோசனை இதற்குச் சேராது. உறை போடலாமா என்பதையும் கையேட்டைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது வெந்நீர். டப்பாவின் பிளாஸ்டிக்கும் ரப்பர் விளிம்பும் கொதிநீருக்கு உருவானவை அல்ல. நெளிந்துவிட்டால் காற்று கசியும். கை தவறினால் ஆள் மேல் கொட்டும். ஊற்றினாலும் விடியற்காலம் வரை அந்தச் சூடு தாங்கப்போவதில்லை. படுத்ததும் முதலில் வருகிற காற்று குளிராக இருக்கிறது என்றால், மெஷினில் முன்கூட்டியே சூடாக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். படுப்பதற்கு அரை மணி முன்பு போட்டுவிடலாம்.

தைலம் இன்னும் மோசம். எண்ணெய்த் துளி நுரையீரலுக்குள் போனால் அங்கே அழற்சி உண்டாக்கும். எண்ணெயால் வருகிற நிமோனியா என்றே ஒரு வகை இருக்கிறது. ஓமம், கற்பூரம், துளசி எதுவும் அந்த டப்பாவுக்குள் போகக் கூடாது. மூக்கடைப்புக்குப் படுக்கும் முன் மருந்துக்கடை உப்புநீர் ஸ்ப்ரேயை இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ளட்டும். சுக்குமல்லிக் காப்பி குடிக்க விருப்பமானால் சாயங்காலமே குடித்துவிடட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் அடைப்பு தொடர்ந்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறான தொல்லை. ஏசி அறையில் படுக்கிறேன். சூடு, ஈரம் எல்லாம் உச்சத்தில் வைத்தும் காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, மூக்கு எரிகிறது. மூக்கு மட்டும் மூடும் மாஸ்க்தான்.
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஐயா, நாக்கு ஒட்டுகிறது என்கிறீர்களே, அதிலேயே விஷயம் இருக்கிறது. தூக்கத்தில் உங்கள் வாய் திறந்துகொள்கிறது. நம் மூக்கு சிக்கனமான உறுப்பு. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும். வெளியே வரும் மூச்சிலிருந்து அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். வாய் திறந்திருந்தால் மெஷின் காற்று மூக்கு வழியே நுழைந்து வாய் வழியே போய்க்கொண்டே இருக்கும். மூக்கு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், திரும்ப வாங்க வழியில்லை. உள்சதை காய்ந்து வீங்கும், மூக்கு அடைக்கும், அடைத்ததால் வாய் இன்னும் திறக்கும். இதை ஈரத்தைக் கூட்டி மட்டும் சமாளிக்க முடியாது.

மெஷின் திரையில் கசிவு என்று ஓர் அளவு காட்டும். காலையில் அதைப் பாருங்கள். அதிகமென்றால், மூக்கடைப்புக்கு வைத்தியம் செய்து, தாடையைத் தாங்கும் பட்டை போட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாறலாம். மெஷின் கொடுத்தவரிடம் இரண்டு மூன்று அளவு வாங்கி, உட்கார்ந்தபடி அல்லாமல் படுத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். படுத்ததும் கன்னம் சரிந்து பொருத்தம் மாறிவிடும். வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளும் பழக்கம் இப்போது பரவுகிறது. டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். மூக்கு அடைத்த ராத்திரியில் மூச்சுக்கு அந்த வாய்தான் வழி.

ஏசியை 26-க்கு ஏற்றுங்கள். குளிர்காற்று குழாயின் மேல் நேராக விழாதபடி மெஷினை அடுத்த பக்கம் மாற்றுங்கள். மேலே கானாடுகாத்தான் ஆச்சிக்குச் சொன்ன உறை உங்களுக்கும் உதவும்.

கேள்வி: டப்பாவுக்கு டிஸ்டில்டு வாட்டர் தினமும் வாங்கி மாளவில்லை. ஐப்பசி மழையில் முற்றத்து ஓட்டுத் தண்ணீரை வேடுகட்டி அண்டாவில் பிடித்து வைத்திருக்கிறோம். குடிக்கவே நன்றாக இருக்கிறது. அதை ஊற்றலாமா?
– வாசகி, புதுவயல்

பதில்: மழைத்தண்ணீரில் உப்பு இல்லை, அதனால் டப்பாவின் அடித்தகட்டில் வெள்ளைப் படலம் பிடிக்காது. நீங்கள் யோசித்தது அந்தவரை சரி. ஆனால் ஓட்டிலும் அண்டாவிலும் இருக்கிற கிருமியை வேடுதுணி தடுக்காது. குடிக்கிற தண்ணீரை வயிற்று அமிலம் ஓரளவு கவனித்துக்கொள்ளும். மூச்சு போகிற பாதையில் அந்தக் காவல் கிடையாது. இதமான சூட்டில் ராத்திரி முழுக்க நிற்கிற தண்ணீரில் கிருமி பெருகவும் செய்யும். வேண்டாம்.

கொதிக்க வைத்து ஆற்றினால் கிருமி போகும். போர் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு பெரும்பாலும் போகாது. ஒருநாள் டிஸ்டில்டு வாட்டர் இல்லையென்றால் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி ஓட்டுங்கள், மறுநாள் டப்பாவை நன்றாகக் கழுவிவிடுங்கள். பேட்டரிக்கு என்று கேனில் விற்கிற தண்ணீர் மூச்சுக்கு உரியதில்லை. மருந்துக்கடையில் ஐந்து லிட்டர் கேனாக வாங்கினால் கட்டுப்படியாகும். தினமும் காலையில் மிச்சத்தைக் கொட்டி, மெல்லிய சோப்புநீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். வாரம் ஒரு தடவை ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து சற்று நேரம் ஊற வைத்தால் படலம் விட்டுவிடும். பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

கேள்வி: தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடியோடு நடக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. டாக்டர் சரி என்றுவிட்டார். இரவுத் தங்கலில் மெஷினை பேட்டரியில் ஓட்டினால் காற்று சூடாக வருமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: நல்லபடியாகப் போய் வாருங்கள். மெஷினையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். பகல் முழுக்க நடந்த அசதியில் தூக்கம் கனமாக இருக்கும், அன்றைக்குத்தான் அது இன்னும் தேவை.

பேட்டரியைத் தின்பது பெரும்பாலும் சூடுதான். காற்றைத் தள்ளும் மோட்டாருக்கு அவ்வளவு மின்சாரம் வேண்டாம். தண்ணீரைச் சூடாக்கும் தகடும் ஹீட்டட் ட்யூபும்தான் அதிகம் இழுக்கும். பேட்டரியில் இரண்டையும் அணைத்துவிடுங்கள். அப்போது இரவுக் குளிருக்கு உறையும் போர்வையும்தான் துணை. தங்கும் மண்டபத்தில் வாசலுக்கு நேரே படுக்காமல் உள்சுவர் ஓரமாக இடம் பிடியுங்கள். சில பயண மெஷின்களுக்குத் தண்ணீரே இல்லாமல், நாம் விடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்துத் திரும்பத் தருகிற சிறு வடிகட்டி வருகிறது. உங்கள் மாடலுக்கு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

காலையில் கிளம்பும்போது டப்பாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. சாமான் வண்டி குலுங்குகிற குலுக்கலில் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கினால் மெஷின் போய்விடும். பேட்டரியை இணைக்க மெஷின் கம்பெனி சொல்லும் கன்வெர்ட்டரையே வாங்குங்கள். இன்வெர்ட்டர் வழியாகத்தான் ஓட்ட வேண்டும் என்றால் சைன் வேவ் வகையாகப் பாருங்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, வீட்டில் ஓரிரவு முழுக்க பேட்டரியில் மட்டும், சூடு இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் தாங்குகிறது, அந்தக் காற்று உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா, இரண்டும் தெரிந்துவிடும். பாதி ராத்திரியில் தீர்ந்துபோனால் பெரிய பேட்டரி வாங்க அப்போதும் நேரம் இருக்கும்.